பதினொரு விடுதிகள் இருந்த தீவு

காது என்று எல்லோரும் கூப்பிட்ட மனிதர் வேண்டாம் என்று சொன்ன மூன்றாம் நாள், தீவின் வடக்குக் கரையில் இருந்த இருபத்திரண்டு அறை விடுதி, நீச்சல் குளத்தோடு சேர்ந்து கடலுக்குள் போய்விட்டது. காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்களாம். லிஃப்ட் இறங்குவதுபோலத் தரை மெதுவாக இறங்கியது என்றும், தங்கியிருந்தவர்கள் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வெளியே வந்தார்கள் என்றும், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்றும் செய்தித்தாளின் ஐந்தாம் பக்கத்தில் வானிலைக் குறிப்புக்குக் கீழே போட்டிருந்தார்கள். கல்யாணமாகி ஐந்து நாள் ஆகியிருந்த அவள் அதைப் படித்துவிட்டு, "என்னங்க, நாம தங்கலாம்னு பாத்தோமே, அந்த இடம் முழுகிப்போச்சாம்," என்றாள். காது செய்தித்தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். "தரை சரியில்லைன்னு அன்னிக்கே சொன்னேன் பாரு," என்றார். அவர் குரலில் பெருமை இல்லை. தப்பித்தோமே என்ற நிம்மதிதான் இருந்தது. அவளுக்கும் அன்று அந்த நிம்மதி இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

காது என்பது ஆலையில் வைத்த பெயர். அவர் தரை டைல்ஸ் செய்யும் ஆலையில் தட்டிப் பார்க்கிறவர். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு டைல்ஸையும் இடது கையில் தூக்கிப் பிடித்து வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். கணீரென்று கேட்டால் வலது பக்கம் அடுக்குவார். பொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். "வேண்டாம்" என்று சொல்லி இடது பக்கம் தள்ளுவார். தள்ளும்போது வாய்விட்டுச் சொல்வது ஆலையில் வழக்கம், பக்கத்தில் நிற்பவர் கேட்டுக் கோடு போட்டுக்கொள்வதற்காக. காது ஒருநாளைக்கு நாலாயிரம் டைல்ஸ் தட்டுவார், அதில் நூற்றைம்பது தடவையாவது வேண்டாம் என்று சொல்வார். அவர் சரியென்று விட்ட டைல்ஸ் எந்த வீட்டிலும் உடைந்ததாகப் புகார் வந்ததில்லை. இப்படிப்பட்ட மனிதர் பெண் பார்க்க வந்து, ஒரு வார்த்தை குறை சொல்லாமல், சரி என்று தலையாட்டிவிட்டுப் போனபோது அவளுடைய அம்மா உருகிப்போனாள். நூறு பெண்ணைப் பார்த்துக் கழிக்கிற மாப்பிள்ளைகளுக்கு நடுவில் இப்படி ஒருத்தர் அமைவது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. வரைபடப் பிரிவில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, கடற்கரைகளை எண்ணெய்த் தாளில் பிரதி எடுப்பாள். கரை எங்கே முடிகிறதோ அங்கே மெல்லிய கறுப்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிலம், அந்தப் பக்கம் நீலம். அலுவலகத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கல்யாணப் பரிசாக அவர்களுக்குத் தீவுக்குப் போய்வர இரண்டு கப்பல் டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் போகலாம், நாள் எழுதுகிற இடம் காலியாக இருந்தது. யாரோ நல்லெண்ணத்தில் செய்த காரியம் அது. நாள் போட்டுக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. டிக்கெட்டோடு ஒரு சிறு புத்தகமும் வந்தது. தீவில் இருந்த பதினொரு விடுதிகளின் படமும் விவரமும் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன.

கல்யாணத்தன்று மாலை, உறவினர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு போன பிறகு, காது கூடத்தில் இருந்த கட்டிலில் ஓரமாக உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொல்லிப் பேசினார். "இன்னும் பத்து நாள்ல கிளம்பப் போறோம். அங்க போயே ஆரம்பிச்சுக்கலாம். முதல் தடவைங்கறது ஒண்ணுதான் வரும். அது ஒரு கீறல் இல்லாம இருக்கணும்." அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. தன்னை ஒருவர் இவ்வளவு பத்திரமாக எடுத்து வைப்பது அவளுக்குப் புதிது. அவள் உள்ளறையிலும் அவர் கூடத்திலும் படுத்தார்கள். பெட்டியைக் கட்டி வாசல் கதவோரம் நிறுத்தினாள். பத்து நாள்தானே என்று இருவருமே நினைத்தார்கள்.

மறுநாளே காது விடுதி விடுதியாகத் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தார். அறை எவ்வளவு பெரியது, ஜன்னல் எந்தப் பக்கம், குழாயில் உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று கேட்டுவிட்டு, கடைசியில் அந்த அறைக்குள் தொலைபேசியை எடுத்துப் போகச் சொல்வார். "ரிசீவரைச் சுவர்கிட்ட வைங்க. விரல் முட்டியால ஒரு தட்டுத் தட்டுங்க. இன்னும் கொஞ்சம் கீழ. இப்ப தரையைத் தட்டுங்க. கட்டில் காலைத் தட்டுங்க." வரவேற்பு மேஜையில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அந்தக் குரலில் இருந்த அக்கறைக்குக் கட்டுப்பட்டு முட்டிபோட்டுத் தட்டினார்கள். காது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பக்கத்தில் நின்று அவள் அவர் முகத்தையே பார்ப்பாள். புருவம் லேசாகச் சுருங்கும். "வேண்டாம்," என்பார், ஆலையில் சொல்கிற அதே குரலில். வடக்குக் கரை விடுதிக்குப் பிறகு தென்னந்தோப்புக் குடில்கள் போயின. அதற்குப் பிறகு பவளப்பாறைக்கு எதிரே இருந்த இரட்டை மாடி போனது. ஒவ்வொன்றும் மூன்றாம் நாள்.

மூன்றாவது போனபோது அவளுடைய மேஜைக்கே செய்தி வந்துவிட்டது. தலைமை வரைவாளர், பணி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த சாதுவான மனிதர், திருத்திய அளவுகளைக் கொண்டுவந்து வைத்து, இந்தத் தாளை மறுபடி எடுத்துவிடு தங்கச்சி, தீவு மூன்று இடத்தில் உள்வாங்கியிருக்கிறது என்றார். பழைய கோட்டைச் சுரண்டி அழித்துவிட்டு, உள்ளே தள்ளிப் புதிய கோடு இழுத்து, நடுவில் விட்ட இடத்துக்கு நீலம் பூசும்போது, அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னாள். காது முழுவதையும் கேட்டுக்கொண்டார். தான் சொன்னதால் விடுதி முழுகவில்லை, முழுகப் போகிற விடுதி என்பதால்தான் தன் காதுக்குப் பொத்தென்று கேட்டது என்றார். சொன்ன விதத்தில் ஒரு நியாயம் இருந்தது. பிறகு அவளுடைய கையை எடுத்து வைத்துக்கொண்டு, "யோசிச்சுப் பாரு, அங்க போய்த் தங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அம்மா சொன்னாள். அவள் பொறுத்தாள், பூமிதான் குறைந்துகொண்டே வந்தது. நான்கு, ஐந்து, ஆறு. இதற்கிடையில் அவளுடைய தங்கைக்குக் கல்யாணம் ஆனது. சின்னவளும் அவள் புருஷனும் கல்யாணத்துக்கு மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் போய், முதலில் கிளம்புகிற பேருந்தில் ஏறி, அது நின்ற ஊரில் ஒரு ஓட்டை விடுதியில் நாலு நாள் தங்கிவிட்டு வந்தார்கள். திரும்பி வந்தபோது சின்னவளின் கை முழுக்கத் தடிப்பு. "மூட்டைப்பூச்சிக்கா. விடிய விடிய வேட்டைதான். சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு," என்றாள். அடுத்த வருடம் அவளுக்குப் பெண் பிறந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் வீட்டு வாசலில் நின்ற பெட்டியைப் பார்த்துவிட்டு, ஒருநாள் கேட்கவே கேட்டுவிட்டாள். அக்கா மறைக்காமல் சொன்னாள். உலகத்தில் அவள் அதைச் சொன்னது தங்கை ஒருத்தியிடம்தான். சின்னவள் குழந்தையைப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அத்தான் கதை அப்படி இருக்குக்கா. தப்பா எடுத்துக்காத," என்றாள். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று தங்கை போன பிறகு, குழந்தை உட்கார்ந்து எழுந்த இடத்தில் நாற்காலி இன்னும் சூடாக இருந்தது, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றவள் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

ஆறாம் வருடம் ஏழாவது விடுதியின் உரிமையாளரான ஒரு அம்மா கப்பலேறி அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தீவில் விஷயம் பரவியிருந்தது. பருமனான உடம்பு, இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். சமையல்காரர், துணி வெளுக்கிறவர், தோட்டக்காரர் என்று பதினாறு பேர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். "எங்க விடுதியைப் பத்தி எதுவும் சொல்லிடாதீங்க தம்பி. நீங்க கூப்பிடவும் வேண்டாம், வரவும் வேண்டாம். எங்களை விட்டுடுங்க, அது போதும்," என்றார். காது பதறிப்போனார். இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே, ஒரு கடிதம் போட்டிருந்தால் போதுமே என்றார். அந்த அம்மாவின் மனம் குளிரட்டும் என்று அவர் கண்ணெதிரிலேயே அந்தச் சிறு புத்தகத்தை எடுத்து, ஏழாவது பக்கத்தைத் திறந்து, "இதோ, உங்க பேரை எடுத்துட்டேன், இனி பயமே வேண்டாம்," என்று சொல்லி விடுதியின் பெயரைப் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். மூவரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். முதலில் புரிந்தது அந்த அம்மாவுக்குத்தான். அவர் கத்தவில்லை, அழவில்லை. தம்பி, ரப்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அவள் ஓடிப்போய்த் தன் அலுவலக ரப்பரைக் கொண்டுவந்து தேய்த்தாள், கடற்கரையையே அழித்துப் பழகிய கை அது. காகிதம் கிழிந்ததே தவிரக் கோடு போகவில்லை. மூன்றாம் நாள் ஏழாவது விடுதி இறங்கியது. ஆட்கள் தப்பித்தார்கள். காது ஒரு வாரம் சோறு தின்னவில்லை.

ஒன்பதாம் வருடம், ஒரு விடுமுறை நாள் மதியம், அவள் தானாக ஒரு காரியம் செய்தாள். குளித்து, தலைவாரி, பெட்டியைத் திறந்து அதில் இருந்த பச்சை உடையை எடுத்து உடுத்திக்கொண்டு, உள்ளறைக் கதவைத் திறந்து, கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த அவர் பக்கத்தில் போய் நின்றாள். கேட்பதற்கு அவளுக்கு வார்த்தை இல்லை, ஒன்பது வருடத்தில் எல்லாம் தீர்ந்திருந்தன. காது எழுந்து உட்கார்ந்தார். நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்ததும் கட்டில் கிறீச்சென்றது. அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அவள் காத்திருந்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். "இங்க வேண்டாம்மா. இந்தக் கட்டில் ஆடுது. இவ்வளவு நாள் பொறுத்துட்டோம். இன்னும் கொஞ்சம் பொறு," என்றார். அவள் எழுந்து உள்ளே போய்ப் பச்சை உடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அன்றைக்கு அழுததுபோல அவள் அதற்குப் பிறகு அழவில்லை.

மூன்றாம் நாள் காலை கூடத்தின் நடுவில் கட்டில் இருந்த இடம் இறங்கியது. கட்டில் அளவுக்கு நீள்சதுரமாக ஒரு பள்ளம், அதில் விளிம்பு வரைக்கும் கடல் தண்ணீர், உப்பு வாசனையோடு. கட்டில் மெதுவாக அமிழ்ந்து கண்ணுக்கு மறைந்தது. இது இரண்டாவது மாடி. அவள் பதறிக் கீழ்வீட்டுக்கு ஓடி விசாரித்தாள். அவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு பொட்டு ஈரம்கூட இல்லையே என்றார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தார்கள், சொன்னால் வாடகையை ஏற்றுவார் என்று விட்டுவிட்டார்கள். காது ஆலையிலிருந்து ஒரு நல்ல பலகை கொண்டுவந்து பள்ளத்தை மூடினார். அதற்குப் பிறகு அவர் பலகைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். பலகைக்கு அடியில் அலை அசைவது கேட்டுக்கொண்டிருக்கும். பழகிவிட்டது.

பதினாறாம் வருடத்துக்குள் பத்து விடுதிகள் போய்விட்டன. தீவில் மிஞ்சியது படகுத்துறையும், அதை ஒட்டி ஒற்றை அறை விடுதி ஒன்றும், இரண்டு தென்னை மரமும். அவளுடைய எண்ணெய்த் தாளில் அது கொசு அளவுக்கு ஒரு புள்ளி. புதிதாக வந்த தலைமை வரைவாளர் அது அச்சுப் பிழையா என்று கேட்டார். இல்லை, அங்கே ஒரு அறை இருக்கிறது என்றாள். பதினோராவது பக்கத்துக்கு வந்ததும் காது புத்தகத்தை மூடிவிட்டார். இதுவும் போய்விட்டால் வேறு இல்லை. கூப்பிடாதவரைக்கும் அது இருக்கும், அது இருக்கிறவரைக்கும் போகப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அவர் அவளிடம் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். ஏழு வருடம் அவர் தொலைபேசியைத் தொடவில்லை. மற்றபடி நல்ல மனிதர் நல்ல மனிதராகவே இருந்தார். அவளுக்கு ஜுரம் வந்தால் கஞ்சி காய்ச்சினார். மழைக்காலத்தில் அவளுடைய குடைக் கம்பிகளைச் சரிசெய்து வைத்தார். வாரம் ஒருமுறை பெட்டியின் தூசியைத் துடைத்தார். சின்னவளின் பெண் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், ஒரு பையனை அழைத்துவந்து காட்டி, கல்யாணமும் செய்துகொண்டாள். அந்தக் கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அவளுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எட்டு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. இனி வராது. பரிமாறியவர்கள் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டார்கள், அவள் போதும் என்று இலேசாகக் கையால் மறித்தாள். அன்றைக்கு அவள் உள்ளே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் விட்டுப்போனது.

அந்த வருடம்தான் ஆலையில் தட்டிப் பார்ப்பதற்கு ஒரு இயந்திரம் வந்தது. காதை ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பாவம், சொல்லப்போனால் அவர்கள் செய்தது நல்லதுதான்; அவருக்கு இடது காது மந்தமாகிக்கொண்டிருந்தது, நாலாயிரத்தில் பத்து இருபது தவறிப்போகத் தொடங்கியிருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் கேட்பதற்குக் காதே இருக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம் முடிந்த வாரம், ஒரு விடுமுறை நாள் காலையில், சட்டையை மாற்றிக்கொண்டு, அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, பதினோராவது எண்ணைச் சுழற்றினார். எடுத்தது ஏழாவது விடுதியின் உரிமையாளராக இருந்த அந்த அம்மா. சொந்த விடுதி போன பிறகு இந்த ஒற்றை அறைக்குக் காவலாக இருந்தார். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். பிறகு, "சொல்லுங்க தம்பி. எங்க தட்டணும்?" என்றார். சுவரைத் தட்டினார், தரையைத் தட்டினார், கட்டிலின் நான்கு காலையும், ஜன்னல் சட்டத்தையும், தண்ணீர்க் குடத்தையும்கூடத் தட்டினார். காது ரிசீவரை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு அரைமணி நேரம் கேட்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "ஒரு குறையும் இல்ல. நாங்க வர்றோம்," என்றார்.

அவள் நாள் எழுதாத டிக்கெட்டில் நாள் எழுதினாள். இருபத்து மூன்று வருடம் காத்திருந்த காரியத்துக்கு அரை நிமிடம் ஆனது. பெட்டியில் இருந்த உடைகள் எதுவும் இப்போது அவளுக்குப் போதவில்லை. ஆனாலும் அதே பெட்டியைத்தான் எடுத்துப்போனார்கள், அதை விட்டுவிட்டுப் போக இருவருக்கும் மனம் வரவில்லை. கப்பல் கரையை நெருங்கியபோது தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. மாலுமி ஒருவர், ஊர் சுற்றிக் காட்டுகிற குரலில், இதோ தெரிகிறதே அது நீச்சல் குளம், அது இரட்டை மாடி, அதோ பதினாறு பேர் வேலை செய்த விடுதியின் பெரிய சமையலறை என்று கீழே விரல் நீட்டிக் காட்டினார். காது எட்டிப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். சமையலறையில் பாத்திரங்கள் கவிழ்த்தபடியே இருந்தன.

காவல்காரம்மா அவர்களை வாங்க என்று கூப்பிட்டு, அறையைத் திறந்துவிட்டு, தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, படகுத்துறையின் கடைசி முனைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அந்தத் தீவில் ஒதுங்கி உட்கார அதைவிட்டால் வேறு இடம் இல்லை. அறை நல்ல அறை. வெள்ளை விரிப்பு, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல். காது முறைப்படி ஒவ்வொன்றையும் தன் கையாலேயே தட்டிப் பார்த்துவிட்டு, குளித்து, முகம் மழித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் ஆடவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நரைத்த மனிதர், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பையன்போல உட்கார்ந்திருந்தார். "வாம்மா," என்றார்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் இடது கையில் வைத்துக்கொண்டார். பிறகு, நினைத்துச் செய்ததல்ல, முப்பது வருடப் பழக்கம், வலது கை விரல் முட்டியால் அவளுடைய புறங்கையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். பொத்தென்று கேட்டது. வெளிச் சத்தம் எதுவும் இல்லாத அந்த அறையில் அவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. காது தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் புருவம் சுருங்குமா என்று அவள் பார்த்தாள், இருபத்து மூன்று வருடமாகப் பார்த்த மாதிரியே. சுருங்கவில்லை. அவர் சிரித்தார். "கணீர்னு இருக்கு," என்றார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொன்னாரா, இல்லை மந்தமான காதில் அப்படித்தான் விழுந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்.

அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். பச்சை உடை உடுத்திப் போய் நின்ற மதியத்தைத் தேடினாள், தங்கையின் குழந்தை விட்டுப்போன சூட்டைத் தேடினாள். வீட்டில் ஒரு பொருளை எங்கே வைத்தோம் என்று தெரிந்தே தேடுவோம், அந்த இடம் காலியாக இருக்கும், மறுபடி அங்கேயே தேடுவோம். அப்படித் தேடினாள். தேநீர் இரண்டும் ஆறிக்கொண்டிருந்தன. அவர் கை அவள் தோளில் இருந்தது, கனமாகவும் இல்லை, இதமாகவும் இல்லை. இந்த மனிதர்மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை என்று கண்டபோதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு வேண்டாங்க," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவரும் டைல்ஸிடம் காரணம் சொன்னவர் அல்ல. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார். "முன்னாடி வேணும்னு இருந்துதுங்க," என்றாள். படகுத்துறையில் உட்கார்ந்திருந்த அம்மா, ஏதோ தெரிந்தவர்போல எழுந்து வந்து, வாசலில் நின்று, இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் இரண்டு மாற்றுத் துணியையும், பதினாறு பேர் நிற்கும் புகைப்படத்தையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, கப்பலுக்குச் சைகை காட்டச் சிவப்புத் துணியைக் கம்பத்தில் ஏற்றினார். "யார் சொன்னாலும் மூணு நாள்தான்மா," என்றார் அவளிடம். வருத்தப்பட்ட மாதிரியும் இல்லை, வையவும் இல்லை. கப்பல் மறுநாள் வந்தது. மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டது.

திரும்பி வந்த மறு வாரம் திருத்திய தாள் அவள் மேஜைக்கு வந்தது. புள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு நீலம் பூசினாள், காய்ந்ததும் கையெழுத்துக்கு அனுப்பினாள். அந்தப் பக்கமாகப் போகிற கப்பல்கள் இப்போது வளைந்து போக வேண்டியதில்லை, நாற்பது நிமிடம் மிச்சம் என்கிறார்கள். காவல்காரம்மா துறைமுகத்துத் தேநீர்க் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். பெட்டியை அவள் ஒருவழியாகப் பிரித்து, உடைகளைத் தங்கையின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். பச்சை நிறம் அவளுக்கு எடுப்பாக இருந்தது.

அதே மாதம், கூடத்தைக் கழுவுவதற்காகப் பலகையை நகர்த்தியவள் காதைக் கூப்பிட்டாள். இரண்டு ஆள் ஆழத்தில், தெளிந்த தண்ணீருக்குள், தீவில் இருந்த அந்த ஒற்றை அறை வந்து நின்றிருந்தது. கூரை வழியில் எங்கோ கழன்றிருக்க வேண்டும். கட்டில் தெரிந்தது, சுருக்கம் விழாத வெள்ளை விரிப்பு தெரிந்தது, மேஜைமேல் இரண்டு கோப்பைகளும் தெரிந்தன. காது முட்டிபோட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "ஜன்னல் கிழக்குப் பக்கம்தான் இருக்கு," என்றார். "ஆமாங்க," என்றாள். அதற்குப் பிறகு விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பலகையை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு அதைப் பார்க்கிறார்கள். அதிகம் பேசிக்கொள்வதில்லை. கீழ்வீட்டில் இன்றுவரை ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஒருமுறை சின்னவள் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தபோது பலகை திறந்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "ரூம் நல்லாத்தானேக்கா இருக்கு?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. குழந்தை தவறி விழுந்துவிடப் போகிறதே என்று பலகையை எடுத்து மூடினாள்.